ஈரக் கரண்டி மேல் போட்ட பழி

கண்ணா,

வியாழக்கிழமை நீ ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறாய் என்று ரேஷ்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்காக உன் மேல் கோபம் இல்லை. வேலை போனதிலிருந்து நீ என்னிடம் பேசுவதெல்லாம் "சாப்பிட்டாச்சா", "பிரஷர் மாத்திரை போட்டியா" என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அந்த இரண்டு கேள்விக்கு நடுவில் ஷார்ஜா எங்கே நுழையும்? வேண்டுமென்றேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்கு மலையாளம்தான் சரளம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மலையாளத்தில் எழுதினால் ஒரே ஓட்டத்தில் ஓடிவிட்டுத் தாளை மடித்துப் பையில் போட்டுவிடுவாய். இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பிடிக்காத இடம் வந்தால் நிறுத்திவிட்டு, ஒரு சாயா குடித்துவிட்டு, மறுபடி எடு.

ஷார்ஜாவில் உனக்கு ஒரு பெரிய கிடங்கின் வாசலில் நின்று, ஊர் ஊராக வந்து இறங்கும் சாமானைப் பார்த்து உள்ளே விடுகிற வேலை என்று ரேஷ்மா சொன்னாள். காக்கநாட்டில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தவனுக்கு இது இறக்கம்தான், அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் உன் அம்மா மட்டாஞ்சேரியில் காலமெல்லாம் பார்த்த வேலையும் அதுதான். மிளகு மூட்டை குடோன் வாசலில் இறங்கும். நான் குத்தூசியைச் சாக்குக்குள் செருகி இழுத்தால் உள்ளங்கை நிறைய மிளகு வரும். முகர்ந்து பார்ப்பேன், ஒன்றைக் கடித்துப் பார்ப்பேன், பிறகு மெஷினில் போட்டு ஈரம் எவ்வளவு என்று பார்ப்பேன். பாஸ் என்றால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. அந்தப் புத்தி வீட்டிலும் போகவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று நீ ரேஷ்மாவை முதல்முதலாக அழைத்து வந்த அன்று, வாசற்படியிலேயே என் காதில், "அம்மா, அந்தக் குத்தூசியை இன்னைக்கு ஒரு நாள் குடோன்லயே வெச்சுட்டு வா" என்று சொன்னாயே, நினைவிருக்கிறதா? அவளுக்கும் கேட்டுவிட்டது. நல்ல பெண், சிரித்துவிட்டாள்.

ஆனால் இவ்வளவு கறாராகப் பேசுகிற நான், மழைக்காலத்தில் வேறு ஆளாக இருந்தேன். பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில்தான் மலையிலிருந்து சின்ன விவசாயிகள் கையிருப்பு மிளகை இறக்குவார்கள். ஜீப்பில், பஸ்ஸின் மேலே, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வந்தாலும் சரக்கு ஈரம் வாங்கிவிடும். குத்தூசி போட்ட உடனே எனக்குத் தெரியும், மெஷினே வேண்டாம். திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கு. நனைந்துகொண்டு நிற்கிற மனிதரிடம், இத்தனை தூரம் வந்த மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். நான் கண்டுபிடித்ததில்லை, எனக்கு முன்னால் இருந்தவரும் செய்ததுதான். ஈர மூட்டையை நல்ல மூட்டைகளோடு தரையில் கொட்டி, பலகையால் நாலு புரட்டுப் புரட்டிக் கலந்துவிடுவோம். பிறகு அந்தக் குவியலில் எங்கே குத்தி எடுத்தாலும் கணக்கு சரியாக வரும். பாஸ். யாருக்கும் நஷ்டமில்லை, யார் மனமும் நோகவில்லை. மழையில் வந்த ஒருத்தரையும் நான் மூட்டையோடு திருப்பி அனுப்பியதில்லை என்று அக்கம்பக்கத்தில் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் அதைக் கேட்டு வளர்ந்தவன்.

வீட்டிலும் அதே கைதான். நேற்றைய புளித்த மாவைப் புதிய மாவோடு கலக்கும்போது, "இப்ப ரெண்டுமே புளிக்கும் அம்மா, அவ்வளவுதான்" என்று நீ சொல்வாய். பதினொன்றாம் வகுப்பில் நீ கணக்கில் சறுக்கினபோதுகூட, மற்ற மார்க்கோடு சேர்த்துப் பார்த்தால் மோசமில்லை என்றுதான் உன் அப்பாவிடமும் உறவுக்காரர்களிடமும் சொன்னேன். கணக்கில் மட்டும் ஏன் என்று உன்னை உட்காரவைத்துக் கேட்கவில்லை. கணக்கு சார் கரும்பலகை நிறையப் பொடி எழுத்தில் எழுதுகிறவர், பின்வரிசையிலிருந்து உனக்கு அது தெரியவே இல்லை என்பது மறுவருஷம் கண்ணாடி போட்ட பிறகுதான் வெளியே வந்தது. மொத்தமாகப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறவளுக்கு, தனியாகக் கெட்டுக்கொண்டிருக்கிற ஒன்று கண்ணில் படாது. அன்றைக்கே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பிறகு நீ காக்கநாட்டில் சேர்ந்தாய். எங்கேயோ ஐரோப்பாவில் மசாலாப் பொருளை டப்பாவிலும் பாக்கெட்டிலும் போட்டு விற்கிற கம்பெனி, அதை வாங்குகிறவர்கள் எழுதுகிற புகாரெல்லாம் இங்கே உங்கள் மேஜைக்கு வரும், நீங்கள் விசாரித்துப் பதில் எழுத வேண்டும் என்று விளக்கினாய். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இங்கே நாங்கள் கப்பல் ஏற்றுகிற மிளகு அவ்வளவு தூரம் போய், அங்கே ஒருத்தி குறை சொன்னால், அந்தக் குறை திரும்பி வந்து நிற்கிற இடம் எங்கள் குடோனிலிருந்து ஒரு படகுப் பயண தூரம். ஒரு நாளைக்கு எத்தனை புகாரை மூடினாய் என்பதுதான் உங்கள் இடத்தில் மதிப்பெண். உன் பெயர் பலகையில் மேலே வந்த மாதம் நீ பாயசம் வாங்கி வந்தாய். நானும் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். நான் பாஸ் போடுகிறவள், நீ மூடுகிறவன், இரண்டு பேருக்கும் பிரச்சினை கண்ணைவிட்டு மறைந்தால் சம்பளம் என்று அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை. "ஏன்டா, அந்த ஆளுங்க எழுதினது நிஜமா என்னன்னு பாக்க நேரம் குடுக்கறாங்களா?" என்று உன் அப்பாதான் ஒருமுறை கேட்டார். பிராட்வே கடைத்தெருவில் துணிக்கடையில் பில் போடுகிற மனிதருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதத்தான் இத்தனை சுற்றும். கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்திருந்தேன். நீ சாப்பிட உட்காருவதற்கு முன் அடுக்களைக்கு வந்து போனை நீட்டினாய்.

"அம்மா, இந்த லாட் உங்க குடோன்தானே?"

"நம்பரைப் படி, கண்ணாடி இல்லை."

பாக்கெட்டில் அச்சடித்திருந்த சரக்கு நம்பரை நீ படித்தாய். எங்களுடையதுதான்.

"பூசணம் பிடிச்சிருக்காம். ஜெர்மனியில ஒரு அம்மா போட்டோ அனுப்பியிருக்கா. பணம் திரும்ப வேண்டாம், வேற யாரும் இதை வாங்கிடக் கூடாதுன்னு எழுதறேன்னு சொல்லியிருக்கா."

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அடிமாலிப் பக்கத்து மலை விவசாயி குஞ்ஞுமோன் சேட்டனின் மூட்டைகள். ஜூன் மாதம் கொட்டுகிற மழையில் வந்தவை. வழக்கத்தைவிட ஈரம் அதிகம். கலப்பதற்கு நல்ல சரக்கும் அன்று குறைவாகத்தான் இருந்தது. இருந்தாலும் கலந்தேன். மிளகு தரையில் கலந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஈரம் அப்படி நினைப்பதில்லை. கன்டெய்னர் கடலில் பகலில் சூடேறி இரவில் குளிரும். உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் ஆவியாகி மேலே போய், தகரத்தில் வியர்த்து, சொட்டுச் சொட்டாகச் சரக்கின் மேலேயே விழும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. அத்தனையும் தெரிந்த நான், கரண்டியால் குழம்பைக் கிளறிக்கொண்டே உன்னிடம் என்ன சொன்னேன்?

"ஒரே ஒரு பாக்கெட்டுதானேடா? ஈரக் கரண்டியைப் போட்டிருப்பா. அங்கயும் அடுக்களைதானே. மூடிடு."

"அப்படியே எழுதட்டுமா?"

"எழுதேன். போட்டிருக்கலாமாக்கும், யார் கண்டா?"

நீ அந்தப் போட்டோவை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தாய். பிறகு "சரி" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு தட்டை எடுத்தாய். முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு, மிளகை ஈரமில்லாத இடத்தில் வைக்கவும், ஈரக் கரண்டியைப் பயன்படுத்த வேண்டாம் என்று பதில் போயிருக்கும். மற்றவர்களுக்காக மெனக்கெட்டு எழுதியவளுக்கு, உனக்குச் சமையல்கட்டில் புழங்கத் தெரியவில்லை என்று ஒரு பாடம். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ருத்ரதாண்டவம் ஆடியிருப்பேன்.

அடுத்த வாரமே நீ வீட்டுக்கு வந்து, "வேலையை விட்டாச்சு அம்மா, ஒண்ணும் கேக்காதே" என்றாய். நான் கேட்கவில்லை. மிச்சத்தை நானே கூட்டிப் பெருக்கிக்கொண்டேன்: இன்னும் நாலு பேர் புகார் எழுதியிருப்பார்கள், ஆபீசில் தோண்டியிருப்பார்கள், நீ எழுதின ஈரக் கரண்டி வெளியே வந்திருக்கும், மாட்டிக்கொண்டிருப்பாய். என் பேச்சைக் கேட்டதற்குப் பிள்ளை வேலையை இழந்தான் என்று அப்பாவிடம் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "உன் சரக்குக்கு அவனை எதுக்குடி நடுவுல இழுத்தே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து போனார்.

குடோனிலும் இடி விழுந்தது. அந்த லாட் மொத்தத்தையும் அங்கே கடைகளிலிருந்து இறக்கிவிட்டார்கள், அடுத்த ஆர்டர் ரத்து. முதலாளி சேட்டு எங்களையெல்லாம் கூப்பிட்டு, யாருடைய சரக்கில் பூசணம் வந்தது என்று கேட்டார். கலந்துவிட்டால் யாருடையது என்று எப்படிச் சொல்வது? தெரியவில்லை என்றேன். தெரிந்திருந்தும் அப்படித்தான் சொன்னேன். ஒரு ஆளை விலக்கி வைத்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம், ஆள் யாரென்று தெரியாததால் எல்லார் தலையிலும் விழுந்தது. இனி மழைக்காலத்தில் சின்ன விவசாயிகளிடம் ஒரு மூட்டைகூட வாங்குவதில்லை, பெரிய வியாபாரிகளிடம் மட்டும்தான் என்று சேட்டு முடிவு செய்துவிட்டார். மூட்டையோடு ஒருத்தரையும் திருப்பி அனுப்பாதவள் என்று பேர் வாங்கின நான், அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கதவைச் சாத்தவைத்தேன்.

குஞ்ஞுமோன் சேட்டன் விஷயம் தெரியாமல் மறுபடி மழையில் வந்து, வாசலிலேயே மறிக்கப்பட்டு நின்றார். நான் வெளியே வந்துகொண்டிருந்தேன். ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை, அது ஒன்றுதான் நான் செய்த உருப்படியான காரியம். அன்றைக்கு உங்கள் சரக்கு ஈரமாக இருந்தது, நான்தான் சொல்லாமல் கலந்தேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "சேச்சி அன்னு ஒரு வாக்கு பறஞ்ஞா மதியாயிருந்நு" என்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மழை விட்ட பிறகு காயவைத்துக் கொண்டுவந்திருப்பேன், ஒரு மாதம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதானே என்று. அவர் கஷ்டம் தாங்கமாட்டார் என்று நானாக முடிவுகட்டி, அவருக்குத் தெரிய வேண்டியதை அவரிடமிருந்தே மறைத்திருக்கிறேன். அவர் சரக்கில் என்ன குறை என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நான் அவரிடம் சொன்னதுண்டா? சொல்லாததால் அவரும் ஒவ்வொரு ஜூனிலும் அதேபோலத்தான் கொண்டுவந்தார்.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. பொன்னாடை போர்த்தி, தரம் என்றால் சேச்சிதான் என்று மைக்கில் பேசினார்கள். வேலையில்லாமல் வீட்டிலிருந்த நீ, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போனேன். அந்தக் கைதட்டல் இன்னும் என்னை விடவில்லை, கண்ணா.

ஷார்ஜாவில் வாசலில் நிற்கப் போகிறவனுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். திருப்பி அனுப்ப வேண்டியதைத் திருப்பி அனுப்பு, ஆனால் ஏன் என்று அந்த லாரிக்காரனிடமாவது சொல்லி அனுப்பு, அது அனுப்பினவன் காதுவரை போகட்டும். மனசு இளகுகிற நாளில் இன்னும் கவனமாக இரு, நான் கோட்டை விட்டதெல்லாம் இளகின நாளில்தான். யாராவது குறை எழுதினால், எழுதியவரின் கையில் என்ன தப்பு என்று முதலில் தேடாதே. உனக்கு வேண்டியவர்கள் அனுப்பின சரக்கு வந்தால், அதைப் பார்க்கிற வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு நீ விலகிக்கொள். இந்தக் கடைசி விஷயத்தை உனக்கு முதலிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான். அடுக்களையில் நின்று அதற்கு நேர்மாறாகச் சொன்னவளும் நான்தான்.

இதோடு முடித்துவிடத்தான் இருந்தேன். ஆனால் முந்தாநாள் நான் காக்கநாட்டுக்குப் போனேன். உனக்கு அனுபவச் சான்றிதழ் தராமல்தான் அனுப்பினார்கள், அதனால்தான் நல்ல இடமெல்லாம் தட்டிப்போய் ஷார்ஜாவில் இந்த வேலைக்குச் சம்மதித்தாய் என்று ரேஷ்மா சொன்னாள். படகு ஏறி, பிறகு ஆட்டோ பிடித்து, வாசலில் காவலாளியிடம் கெஞ்சி, உன் மேலதிகாரியாக இருந்த அந்த நாகர்கோவில் பெண்ணைக் கீழே வரவழைத்தேன். தப்பு அவன் மேல் இல்லை, அப்படி எழுதச் சொன்னவள் நான், குடோனில் அந்தச் சரக்கைக் கலந்தவளும் நான் என்று மூச்சுவிடாமல் கொட்டிவிட்டேன். அந்தப் பெண் என்னை உட்காரவைத்து ஒரு சாயா வரவழைத்தாள்.

"அப்ப அது நீங்கதானா அம்மா?" என்றாள். "பேரை மட்டும் அவன் சொல்லவே இல்லை."

மாட்டிக்கொண்டபோதா என்று கேட்டேன்.

"யாரு மாட்டினா? திங்கக்கிழமை காலையில அவனேதான் என் சீட்டுக்கு வந்தான். மூடின புகாரைத் திறக்கணும்னு சொன்னான். போட்டோவுல பாக்கெட் பிரிக்கவே இல்லை, பிரிக்காத பாக்கெட்டுக்குள்ள எப்படிக் கரண்டி போகும், தெரிஞ்சேதான் பொய் எழுதினேன், லாட் முழுசையும் உடனே கடையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கன்னான். எழுதச் சொன்னது யாருன்னு கேட்டேன். எனக்கு வேண்டியவங்கன்னு மட்டும் சொன்னான். பேரைச் சொல்லியிருந்தா ஒரு எச்சரிக்கையோட போயிருக்கும். நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன், வாயே திறக்கலை."

சான்றிதழுக்காக மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்று அந்தப் பெண் சொன்னாள். நான் சாயாவைக் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இத்தனை மாதமாக, நீ என் பேச்சைக் கேட்டாயே என்று உருகிக்கொண்டிருந்தேன். நீ கேட்டது ஒரே ஒரு நாள்தான். மறுநாளே செய்ய வேண்டியதைச் செய்தாய். அந்த அம்மா கேட்ட ஒரே விஷயத்தை, வேறு யாரும் அதை வாங்கிவிடக் கூடாது என்பதை, நடத்திக்காட்டினவன் நீ. அதற்கு உன் வேலையைக் கொடுத்தாய், என் பெயரை மட்டும் கொடுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருக்கிறது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் படகில் திரும்பி வரும்போது நான் அழுதது பெருமையால் இல்லை. உன் வாழ்க்கையிலேயே நீ செய்த நல்ல காரியம் இது, இதை ஓடிவந்து முதலில் சொல்ல வேண்டிய ஆள் உன் அம்மா. என்னிடம் மட்டும் உன்னால் சொல்ல முடியவில்லை. நான் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தாயா, இல்லை நான் திட்டுவேன் என்று பயந்தாயா? இரண்டில் எதுவாக இருந்தாலும், அப்படி ஒரு அம்மாவாகத்தான் நான் உனக்கு இருந்திருக்கிறேன்.

என் கண்ணே, எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இனி நீ என்னிடம் எதையும் மறைத்துக் காப்பாற்ற வேண்டாம்.

அம்மா